மொட்டை முனைப் படகு எப்படி முந்துகிறது? பயணப் படகுக்கு அது ஏற்றதா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மார்சேய் அருகே வசிக்கும் ஒருவர், அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயப் பாய்மரப் படகுகளின் முன்பகுதி அரிவாளால் சீவியதுபோல மொட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "கூர்முனைதானே தண்ணீரைக் கிழிக்கும், மொட்டை முனை எப்படி முந்துகிறது?" என்று கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றபின் பத்து மீட்டர் அளவில் ஒரு பயணப் படகு வாங்கும் எண்ணம் இருப்பதாகவும், கோடையில் மத்தியதரைக் கடலிலும், உடம்பு ஒத்துழைத்தால் ஒருமுறை கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவு வரையிலும் போக ஆசை என்றும், அதற்கு இந்த வடிவம் ஏற்றதா என்றும் அடுத்த வரியிலேயே கேட்கிறார். ஒரே மூச்சில் கேட்கப்பட்டாலும் இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு இயற்பியலில் தெளிவான விடை உண்டு. இரண்டாவது, பந்தயத்தில் வென்ற வடிவம் குடித்தனம் நடத்தவும் உதவுமா என்பது. அதற்கான விடை அவர் எந்தக் கடலில், எவ்வளவு சுமையோடு, எந்தத் திசையில் போகப்போகிறார் என்பதைப் பொறுத்து மாறும்.

நான் கடற்கலக் கட்டமைப்புப் பொறியியல் படித்தவன். இருபது ஆண்டுகளாகக் கண்ணாடியிழைப் படகுகளின் வடிவமைப்பிலும் பழுதாய்விலும் இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள லோரியானில் கழிந்தன. இவ்வகைப் படகுகளில் கரையோரம் ஓடியிருக்கிறேன், அவற்றின் வயிற்றுக்குள் டார்ச் விளக்கோடு தவழ்ந்திருக்கிறேன். ஆனால் அவற்றில் ஒரு பெருங்கடலைக் கடந்ததில்லை. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும். நம் கடற்கரைச் சொற்கள் இருக்க வேறு சொல் எதற்கு என்பதால், படகின் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் எழுதுகிறேன். காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுப் பக்கம் என்றும், படகு சாயும் எதிர்ப்பக்கத்தை ஒதுக்குப் பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு கண்மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். மொட்டையாக இருப்பது, மேலேயிருந்து பார்க்கும்போது தெரியும் வெளிக்கோடு மட்டுமே. அதே படகைக் கரையேற்றிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், அடிப்பகுதி அணியத்தை நெருங்க நெருங்க அகப்பையின் வாய்போல மேல்நோக்கி வளைவது தெரியும். அமைதியான நீரில் படகு நேராக மிதக்கும்போது அந்த வளைவின் முன்பகுதி நீருக்கு மேலேயே நிற்கும். ஆகவே இந்தப் படகு தண்ணீரை முகத்தால் முட்டித் தள்ளுவதில்லை. தண்ணீரைத் தன் வயிற்றுக்கு அடியில் விட்டு மேலேறிப் போகிறது. சிறுவயதில் ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் வீசித் தத்தவிட்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மாறாக, நெதர்லாந்தின் பழைய சரக்குப் படகுகளின் கன்னங்கள், அதாவது அணியத்தின் இரு பக்கங்கள், உண்மையிலேயே நீருக்குள் உருண்டு நிற்பவை. அவை தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகும். இரண்டையும் ஒரே "மொட்டை" என்ற சொல்லில் அடைப்பதால்தான் குழப்பம் வருகிறது. பந்தயக்காரர்கள் முதல் வகையை ஸ்கௌ என்கிறார்கள். தட்டை அடிப் படகைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

ஆனாலும் அகப்பை வளைவு, மொட்டை முனையால் பெரிய நட்டமில்லை என்பதை மட்டுமே விளக்குகிறது. ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் படகு சாயும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாய்மரப் படகு பெரும்பாலான நேரம் சாய்ந்தே ஓடுகிறது. நேராக நிற்கும்போது அழகாக இருக்கும் வடிவம், 20 பாகை சாய்ந்தபின் என்ன வடிவமாகிறது என்பதே முக்கியம். வீட்டிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் கூர்மை, பின்னால் அகலம்: கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் வந்த அகன்ற அமரமுள்ள பந்தயப் படகுகளின் வடிவம் ஏறத்தாழ அதுதான். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து மேசைமேல் வையுங்கள். இப்போது மேசையைத் தொடுவது அதன் பக்க விளிம்பு. அந்த விளிம்பு பெட்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக இல்லை. முன்னால் நடுவை நோக்கியும் பின்னால் வெளியே விலகியும் கோணலாக ஓடுகிறது. படகும் அப்படியே. சாய்ந்தவுடன் அகன்ற அமரம் நீரில் மிதந்து மேலே எழும், மெலிந்த அணியம் கீழே அழுந்தும், நீருக்குள் இருக்கும் உடல் ஒரு திசையையும் படகின் நடுக்கோடு வேறொரு திசையையும் காட்டும். படகு காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கும். அதைத் தடுக்கச் சுக்கானைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். திருப்பிய சுக்கான் தடை போடும். அமரம் எழும்போது நடுச் சுக்கான் நீரிலிருந்து வெளியேறிவிடும் என்பதால்தான் இத்தகைய படகுகளுக்கு இரட்டைச் சுக்கான் வைக்கிறார்கள்.

இப்போது இஸ்திரிப் பெட்டிக்குப் பதில் ஒரு செங்கல்லைச் சாய்த்துப் பாருங்கள். தரையைத் தொடும் விளிம்பு நடுக்கோட்டுக்கு இணையாக, முழு நீளத்துக்கும் நேராக இருக்கும். ஸ்கௌ சாய்ந்தால் நீருக்குள் இருப்பது ஒல்லியான, நீளமான, நேரான ஓர் ஓடம். ஒதுக்குப் பக்க விளிம்பே தனிப் படகாகிவிட்டதுபோல. அணியம் முங்குவதில்லை, சுக்கான் கையில் கனப்பதில்லை, நீரில் படும் நீளமும் கூடுகிறது. கேள்வியாளர் தேடிய கூர்மை உண்மையில் இங்கேதான் ஒளிந்திருக்கிறது: மேலிருந்து மொட்டையாகத் தெரியும் படகு, சாய்ந்தபின் நீருக்குள் கூர்மையாகவே இருக்கிறது.

அடுத்தது வலிமை. பாய்மீது காற்று தரும் விசை படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது. அதை எதிர்த்து நிமிர்த்தும் திறன் எவ்வளவோ அவ்வளவு பாயைத்தான் விரிக்க முடியும். நிமிர்த்தும் திறன் என்பது படகின் எடையை ஒரு கைநீளத்தால் பெருக்கிய தொகை. எடை கீழே இழுக்கும் கோட்டுக்கும், மிதப்பு மேலே தள்ளும் கோட்டுக்கும் இடையிலுள்ள குறுக்குத் தூரம்தான் அந்தக் கைநீளம். விளக்கத்துக்காக ஒரு கணக்குப் போடுகிறேன், இது எந்தக் குறிப்பிட்ட படகின் அளவும் அல்ல. 1,000 கிலோ படகுக்கு ஒரு சாய்வில் கைநீளம் 0.80 மீட்டர் என்றால் நிமிர்த்தும் திறன் 800 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கிய அலகு, தூரத்தைச் சொல்லும் கிலோமீட்டர் அல்ல). காற்றின் விசை 5 மீட்டர் உயரத்தில் குவிவதாகக் கொண்டால், பாய் தாங்கக்கூடிய பக்கவிசை 160 கிலோ. அணியத்தின் இரு மூலைகளையும் அகலப்படுத்தியதால் மிதப்பின் மையம் ஒதுக்குப் பக்கம் இன்னும் விலகி, கைநீளம் 0.95 மீட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை ஒரு கிலோகூடக் கூடாமல் 190 கிலோ தாங்கலாம். இந்தக் கூடுதலை ஈயக் குண்டால் வாங்கியிருந்தால் படகு கனத்துப் போயிருக்கும். அகலத்தால் வாங்கினால் ஏறத்தாழ இலவசம்.

"அப்படியானால் படகை நீளமாகவே கட்டிவிடலாமே?" என்று கேட்கத் தோன்றும். கட்டலாம், விதி அனுமதித்தால். இங்கேதான் பந்தய விதிகள் நுழைகின்றன. 1977-இல் பாப் சால்மன் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய மினி டிரான்சாட், தனியாளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயம். படகின் நீளம் 6.50 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, அகலம் 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது 6.50-க்கு 3 என்ற ஒரு மனையைக் கொடுத்து வீடு கட்டச் சொல்கிறார்கள். கூர்முனைப் படகு கட்டுகிறவர், முன்பக்கத்து இரு மூலைகளையும் வெற்று நிலமாக விட்டுவிடுகிறார். டேவிட் ரெசோன் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் அந்த மூலைகளையும் கட்டிவிட்டார். தானே வரைந்து, தானே கட்டி, தானே ஓட்டிய 'மேக்னம்' என்ற படகில், 2011-ஆம் ஆண்டுப் பந்தயத்தை அவர் வென்றார். அதுவரை துறைமுகத்தில் அந்தப் படகைப் பார்த்துச் சிரித்தவர்கள், பிறகு அளவு நாடாவோடு சுற்றி வந்தார்கள் என்று எனக்கு லோரியானில் சொன்னார்கள். கதைதான், ஆனால் நம்பத்தகுந்த கதை.

அந்த வெற்றி ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். 2013-இல் அதே படகை ஜியான்கார்லோ பெதோத்தே ஓட்டி இரண்டாம் இடம்தான் பெற்றார்; கூர்முனைப் படகில் வந்த பெனுவா மரி வென்றார். ஆனால் 2017-இல் இயன் லிப்பின்ஸ்கியும், 2019-இல் அதே படகோடு பிரான்சுவா ஜம்புவும், 2021-இல் வேறொரு புதிய படகோடு பியர் லெ ருவாவும் சோதனைப் படகுகளின் பிரிவை வென்றார்கள். இரண்டு படகுகளுமே ரெசோன் வரைந்த மொட்டை முனைப் படகுகள். மறுபுறம், தொழிற்சாலையில் வரிசையாகக் கட்டப்படும் படகுகளின் பிரிவில், 2019-இல் அம்ப்ரோஜியோ பெக்காரியா ஓட்டிய போகோ 3 ஸ்கௌ அல்ல; ஆனாலும் வென்றது. மொட்டை முனை வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை, வலுவான சாதகம் என்பதே இந்தப் பட்டியலிலிருந்து நேர்மையாக எடுக்கக்கூடிய முடிவு. ஓட்டுபவரின் திறமையை வடிவத்திலிருந்து பிரித்தெடுக்கப் பந்தய முடிவுகளால் இயலாது.

அந்தச் சாதகம் எங்கே மிகப் பெரிதாகிறது என்பதை ஒருமுறை உடம்பால் உணர்ந்தேன். லோரியானுக்கு வெளியே, குவா தீவுக்கு அருகில், பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னிருந்து வீசிய 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) காற்றில், காலையில் ஒரு கூர்முனை மினியிலும் மாலையில் ஒரு மொட்டை முனை மினியிலும் ஓடினேன். கூர்முனைப் படகில், அலையின் முன்சரிவில் இறங்கும்போதெல்லாம் ஒதுக்குப் பக்க அணியம் முன்னலையில் புதைந்தது. ஒரு பச்சைச் சுவர் எழுந்து, தளத்தின்மேல் ஓடிவந்து, மார்பில் மோதியது. அப்போது படகு ஒரு கணம் தயங்கும், நானும் உடனிருந்தவரும் அமரத்தின் கடைசி மூலைக்கு நகர்வோம், மீண்டும் ஓடும். மொட்டை முனையில் அந்தச் சுவர் எழவே இல்லை. அகப்பை வாய் முன்னலையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது, தண்ணீர் இருபுறமும் தாழ்வாக விசிறியடித்தது, என் சட்டைப் பை மாலைவரை ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. வேகமானியைவிட எனக்கு நினைவிலிருப்பது அந்தத் தயக்கம் இல்லாமல் போனதுதான். ஓடும்போது புதையாத படகில் பாயைக் குறைக்கும் எண்ணம் பிந்தித்தான் வருகிறது. பந்தயத்தில் அது பலம். மற்ற இடங்களில் அப்படியே சொல்லிவிட முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின், மின்னசோட்டா ஏரிகளில் 1890-களிலிருந்தே மொட்டை முனைப் பந்தயப் படகுகள் ஓடுகின்றன. அங்கே இன்றும் ஓடும் ஏ ஸ்கௌ 38 அடி, ஈ ஸ்கௌ 28 அடி. படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீரில் இறக்கும் அடிப்பலகை, அவற்றில் நடுவில் ஒன்றாக இல்லாமல் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக இருக்கும். படகைச் சாய்த்து ஓட்டி, ஒதுக்குப் பக்கப் பலகையை மட்டும் நீரில் இறக்குவார்கள். செங்கல் விளக்கம் அவர்களுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே கைவந்த பாடம். 1898-இல் மொன்றியலைச் சேர்ந்த ஹெரிக் டக்கன் வரைந்த 'டொமினியன்' சீவனாக்கா கோப்பைப் பந்தயத்துக்கு வந்தபோது, அதன் அடிப்பகுதி நடுவில் குடைந்து, ஏறத்தாழ இரட்டைப் படகுபோல இருந்தது. அது வென்றது, அதன் வகைப் படகுகளை விதிகள் விலக்கிவைத்தன. அக்கால விதிகள் படகின் நீளத்தை, நேராக மிதக்கும்போது நீர்மட்டத்தில் அளந்தன. சாய்ந்தால் நீளும் மொட்டை முனைப் படகுக்கு அது திறந்துவைத்த கதவு. 1901-இல் பாஸ்டன் செல்வந்தர் தாமஸ் லாசனுக்காக க்ரவுனின்ஷீல்டு வரைந்த 'இண்டிபெண்டன்ஸ்' இந்தத் தர்க்கத்தைப் பெரும்படகுக்குக் கொண்டுபோனது. அது வேகமாகவும் ஓடியது, உடல் முறுக்குண்டு தண்ணீரும் கசிந்தது, கட்டிய ஆண்டிலேயே உடைத்துக் கலைக்கப்பட்டது. 1903-இல் ஹெரஷாஃப் வரைந்த 'ரிலையன்ஸ்' அமெரிக்கக் கோப்பையை வென்றபின், அவரே வகுத்த புதிய விதி இத்தகைய தட்டையான, நீண்டு துருத்திய உடல்களுக்குத் தண்டனை போட்டது. ஆக, பெருங்கடல் பந்தயத்தில் நூறாண்டுக் காலம் இந்த வடிவம் இல்லாமல் போனதற்கு அது மெதுவாக ஓடியது காரணமல்ல. அளவுக்கு மீறி வேகமாக ஓடியதும், அன்றைய கட்டுமானம் அதைத் தாங்காததும்தான் காரணங்கள்.

சென்னைத் துறைமுகத்தில் சிறுவர்கள் பயிலும் ஆப்டிமிஸ்ட் படகைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்திருக்கும்: அதுவும் மொட்டை முனைதான். 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் அதை வரைந்ததன் காரணம் வேறு. எட்டடி ஒட்டுப்பலகைக்குள் அடங்க வேண்டும், மலிவாக வேண்டும், ஒரு குழந்தை அணியத்தில் நகர்ந்தாலும் முங்கக்கூடாது. நீளத்துக்குக் கட்டுப்பாடு இருந்தால் முனையை வெட்டு என்ற விடைக்கு அவரும் வந்து சேர்ந்தார். வேகம் அவருடைய கவலையாக இருக்கவில்லை.

இனி விலை. முதலாவது, மென்காற்று. 5, 6 நாட் காற்றில் தட்டையான அகன்ற அடி நீரில் ஒட்டிக்கொள்வதுபோல நிற்கும், ஏனெனில் அந்த வேகத்தில் தடையின் பெரும்பகுதி நீரோடு உரசும் பரப்பிலிருந்து வருகிறது. ஆட்களை ஒதுக்குப் பக்கம் உட்காரவைத்துப் படகைச் சாய்த்தால் பரப்பு குறையும். ஏரிப் படகுக்காரர்கள் அதையே செய்கிறார்கள். மூன்று பேர் ஒரு சிறு படகைச் சாய்க்கலாம். கணவன் மனைவி இருவர் ஐந்து டன் பயணப் படகைச் சாய்க்க முடியாது.

இரண்டாவது, எதிர்காற்றில் குட்டையான செங்குத்து அலை. இதுதான் உண்மையான விலை. காற்றை எதிர்த்துக் கோணலாக ஏறும்போது படகு அலையின் உச்சியிலிருந்து அடுத்த பள்ளத்தில் விழுகிறது. கூர்முனை கத்திபோல இறங்கும். தட்டை அணியம் அறையும். நல்ல மொட்டை முனைப் படகைச் சரியான கோணத்தில் சாய்த்து ஓட்டினால் விளிம்பில் இறங்கி அறைவதைத் தவிர்க்கலாம் என்பது உண்மை. ஆனால் ஓய்வுக்காலப் பயணி ஒவ்வொரு அலைக்கும் கோணம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அப்படி அறைந்ததன் தடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு பட்டறை கட்டிய பத்து மீட்டர் படகொன்று, இரண்டு பருவங்கள் ஓடியபின் ஆய்வுக்கு வந்தது. வெளிப்பூச்சில் ஒரு கீறல் இல்லை. அணியத்தின் அடியில் படுத்துக்கொண்டு, ஒரு நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக் என்று தெளிவாக ஒலித்தது, முதல் குறுக்குச் சட்டத்தைத் தாண்டியதும் பொத், பொத் என்று மாறியது. உள்ளே நுரைப்பலகையிலிருந்து கண்ணாடியிழைத் தோல், ஒரு தோசைக்கல் அளவுக்குக் கழன்றிருந்தது. வடிவம் குற்றவாளி இல்லை. தட்டை அணியத்துக்கு எத்தனை சட்டங்கள், எவ்வளவு நெருக்கமாகத் தேவை என்பதைக் கட்டியவர்கள் கூர்முனைப் பழக்கத்திலேயே கணக்கிட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த வடிவம், கட்டுமானத்தில் நேரும் சிறு கஞ்சத்தனத்தைக்கூட மன்னிக்காது என்பது நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று.

பெரிய படகுகளுக்கு இந்தச் சாதகம் எவ்வளவு தூரம் நீள்கிறது? 12.19 மீட்டர் நீளமுள்ள கிளாஸ்40 வகையில் விடை தெளிவு. ரெசோன் வரைந்து 2019-இல் நீரிலிறங்கிய லிப்பின்ஸ்கியின் படகு, அதே ஆண்டு அட்ரியன் ஆர்டியோடு ஜாக் வாப்ர் அட்லாண்டிக் பந்தயத்தில் தன் பிரிவை வென்றது. 2022-இல் குவாதலூப் செல்லும் ரூட் து ரம் பந்தயத்தின் அதே பிரிவை, யோவான் ரிஷோம் லொம்பார் வரைந்த மொட்டை முனைப் படகில் வென்றார். வகையின் நிர்வாகம் அணியத்தின் அகலத்துக்கு வரம்பு கட்டவேண்டிய நிலை வந்தது. ஒரு வடிவம் வேலை செய்கிறது என்பதற்கு விதி எழுதுகிறவர்களின் பதற்றத்தைவிட நல்ல சான்று கிடையாது. ஆனால் 60 அடி இமோகா படகுகளில் நிலைமை அத்தனை நேராக இல்லை. சாம் மனுவார் வரைந்த, முழுமையான மொட்டை முனைக்கு நெருங்கிய 'லொக்சித்தான்' 2020-21 வாந்தே குளோப் உலகச் சுற்றில் 11-ஆவதாக முடித்தது. தொடக்கத்திலேயே பாய்க்கொக்கியில் நேர்ந்த கோளாறால் ஆர்மெல் திரிப்போன் மிகவும் பின்தங்கி, பிறகு துரத்திப் பிடித்தவர். எனவே அந்த எண்ணை வைத்து வடிவத்தை எடைபோட மாட்டேன். அந்தப் படகுகளை நீரிலிருந்து தூக்குவது பக்கச் சிறகுகள். நிமிர்த்தும் திறனின் பெரும்பங்கு அவற்றிலிருந்து வரும்போது அகன்ற அணியத்தின் தேவை குறைகிறது. 2022-இல் நீரிலிறங்கிய போரிஸ் ஹெர்மனின் 'மாலிசியா' போன்ற படகுகள், மொட்டையாகாமல், அணியத்தின் அடியை மேல்நோக்கி வளைத்துத் தடிப்பாக்கிக்கொண்டன. மூக்குப் புதைவதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

இனிக் கேள்வியாளரின் பத்து மீட்டர் படகு. ஒரு கணக்கை முதலில் பார்க்கலாம். நீர்மேல் சறுக்காமல் நீருக்குள் ஓடும் படகின் வேக வரம்பு, நாட் அளவில், நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 2.43-ஆல் பெருக்கினால் கிடைக்கும். பத்து மீட்டருக்கு அது 7.7 நாட். பந்தய மினி ஒரு டன்னுக்கும் குறைவான எடையோடு இந்த வரம்பை உடைத்துச் சறுக்குகிறது. பயணப் படகில் தண்ணீர், டீசல், மின்கலங்கள், நங்கூரச் சங்கிலி, மிதிவண்டி, அரிசி மூட்டை எல்லாம் ஏறியபின் அது சறுக்கப் போவதில்லை. ஆகவே பந்தயத்தில் பார்த்த வேக வித்தியாசத்தை விற்பனையாளர் சொன்னால், ஒரு புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள். சுமை கூடினால் அமைதியான நீரிலேயே அகப்பை வாய் நீருக்குள் இறங்கிவிடும். அப்போது கிடைப்பது ஸ்கௌ அல்ல, நெதர்லாந்துச் சரக்குப் படகு.

ஆனால் வேகம் மட்டுமே ஆதாயம் அல்ல. படகு குறைவாகச் சாய்கிறது, தானியங்கிச் சுக்கான் குறைவாக உழைக்கிறது, பின்காற்றில் மூக்குப் புதைவதில்லை. கேனரியிலிருந்து மார்த்தினிக் வரை ஏறத்தாழ 2,700 கடல்மைல். டிசம்பர், ஜனவரியில் வணிகக் காற்று பெரும்பாலும் முதுகிலேயே வீசும். அந்தப் பயணத்துக்கு இதைவிட இதமான உடல் வடிவம் அரிது. முன்னறையும் அப்படியே. கூர்முனைப் படகின் முன்னறையில் இருவர் படுத்தால் கால்கள் நான்கும் ஒரு முக்கோணத்தின் உச்சியில் சண்டையிடும். மொட்டை முனையில் நீள்சதுரக் கட்டில் வரும். துறைமுக வாடகையும் நீளத்தை வைத்தே பெரும்பாலும் கணக்கிடப்படுவதால், மினி விதியின் மனைக்கணக்கு இங்கேயும் வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. ரெசோனே ஆஃபெப் மரீன் நிறுவனத்துக்காக 'ரெவல்யூஷன்' என்ற பெயரில் மொட்டை முனைப் பயணப் படகுகளை வரைந்திருக்கிறார். பெருநிறுவனங்கள் நடுவழியைத் தேர்ந்தன. மார்க் லொம்பார் வரைந்த ஷன்னோவின் சன் ஒடிஸி 410-இல் அணியம் மொட்டையில்லை, ஆனால் கன்னங்கள் பழைய படகுகளைவிடத் தெளிவாகவே தடித்தவை.

மத்தியதரைக் கடல் வேறு கதை. பிரான்சின் தெற்கேயுள்ள லியோன் வளைகுடாவில், மிஸ்திரல் என்ற வடக்குக் கடுங்காற்று எழுப்பும் அலை குட்டையானது, செங்குத்தானது, வீட்டுக்குத் திரும்பும் வழி பெரும்பாலும் அதற்கு எதிராகவே அமையும். கோடையின் மீதி நாட்களில் காற்றே இருக்காது. மேலே நான் சொன்ன இரு விலைகளும், எதிரலையும் மென்காற்றும், அந்தக் கடலின் அன்றாட நிலைமைகள். ஆகவே என் கருத்து இது: வாழ்நாளில் ஒருமுறை செய்யப்போகும் கடப்புக்காக, ஆண்டுதோறும் ஓடப்போகும் கடலுக்குப் பொருந்தாத படகை வாங்க வேண்டாம். நான் வாங்குவதாக இருந்தால் கன்னம் தடித்த, ஆனால் முனை உள்ள நடுவகைப் படகைத் தேர்வேன். நீங்கள் படகை மார்த்தினிக்கிலேயே வைத்துத் தீவுக்குத் தீவு போகும் திட்டம் கொண்டவராக இருந்தால், முழு மொட்டைக்கும் தயங்காமல் கையெழுத்திடலாம்.

இதில் எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். சாய்வில் நிமிர்த்தும் திறன் கூடுவதும், அணியம் முங்காததும், எதிரலையில் படகு அறைவது கூடுவதும், மென்காற்றில் மந்தமாவதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. அகன்ற, தட்டையான எந்தப் படகும் முழுக்கத் தலைகீழானால் அந்த நிலையிலும் ஓரளவு நிலைபெறும் என்பதும் உறுதி; ஆனால் குறிப்பிட்ட படகு எந்தக் கோணம்வரை தானே நிமிரும் என்பது அதன் ஈயத்தின் எடையையும் ஆழத்தையும் அறையின் உயரத்தையும் பொறுத்தது. நிமிர்வு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுப்பவரிடம் படகு வாங்காதீர்கள். சுமை ஏறிய மொட்டை முனைப் பயணப் படகுகள் இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின் எப்படி மூப்படையும் என்பதற்குச் சான்று இன்னும் யாரிடமும் இல்லை, ஏனெனில் அந்தப் படகுகளுக்கே அவ்வளவு வயதாகவில்லை. பழைய படகு வாங்குவதானால், முன்னறை மெத்தையைத் தூக்கச் சொல்லி, சட்டங்களுக்கு நடுவே நாணயத்தால் தட்டிப் பாருங்கள்.

சோதனை ஓட்டத்தை 15 நாட் காற்றில், எதிரலை எழும் பிற்பகலில், தண்ணீர்த் தொட்டியை முழுதும் நிரப்பிக்கொண்டு கேளுங்கள். விற்பனையாளர்கள் காலை நேரத்தையும் காலித் தொட்டியையும் விரும்புவார்கள். முடிந்தால் ஓர் இரவு நங்கூரமிட்டு முன்னறையில் படுத்துப் பாருங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத சிற்றலை, அகப்பை வளைவின் அடியில் புகுந்து, காதுக்கு ஓரடி தூரத்தில் சளப், சளப் என்று விடியும்வரை தட்டிக்கொண்டிருக்கும். என் மனைவி இரண்டாம் இரவே தலையணையை எடுத்துக்கொண்டு அமரத்து அறைக்குப் போய்விட்டாள்.